வயரும் வைஃபையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஸ்மார்ட் சுவிட்சுகளும் பிளக்குகளும், ஃபைபர் இணைப்புக்கு மாறி புது ரூட்டர் வைத்த நாளிலிருந்து செத்துப்போய்விட்டன. ஆப்பில் 'ஆஃப்லைன்' என்றே காட்டுகிறது. மொத்தத்தையும் மாற்றிவிடச் சொல்கிறார் கடைக்காரர். வீடு முழுக்கப் போட்டிருக்கிறேன் சார், வேறு வழியே இல்லையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒன்றையும் கழற்றாதீர்கள். அவை சாகவில்லை, பழைய ரூட்டரைத் தேடிக்கொண்டிருக்கின்றன. முதல் நாள் நீங்கள் கொடுத்த வைஃபை பெயரும் பாஸ்வேர்டும்தான் அவற்றுக்குத் தெரியும். அதனால் சுவிட்சுகளை மாற்றுவதை விட்டுவிட்டு ரூட்டரின் பெயரை மாற்றுங்கள். புது ரூட்டரின் செட்டிங்ஸில் போய், பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே போடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் விட்ட இடைவெளி எல்லாம் அச்சு மாறாமல் இருக்க வேண்டும். பெயர் மறந்துவிட்டால், போனில் சேமித்து வைத்திருக்கும் வைஃபை பட்டியலில் கிடைக்கும். ரூட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால், பெரும்பாலும் எல்லாம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்படியும் வராவிட்டால் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. மலிவு விலை சுவிட்சுகள் பலவற்றின் உள்ளே இருப்பது சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் செய்யும் இஎஸ்பி8266 போன்ற சிப். அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. புது ரூட்டர்கள் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துக் காட்டும். சில சுவிட்சுகள் இதைச் சமாளித்துவிடும், சில திணறும். இரண்டையும் பிரித்து, பழைய பெயரை 2.4-க்கு மட்டும் கொடுங்கள். 5-க்கு வேறு பெயர் வைத்து டிவிக்கும் லேப்டாப்புக்கும் விட்டுவிடுங்கள். அடுத்து பாதுகாப்பு முறை. புது ரூட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய சாதனங்கள் உள்ளே நுழைய முடியாது. டபிள்யூபிஏ2 என்று மாற்றுங்கள்.

மறுபடி எப்போதாவது கனெக்‌ஷன் மாற்றினால், கேபிள் இழுக்க வருகிற பையனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "தம்பி, பழைய பேரையே வை." அவன் அவசரத்தில் கம்பெனி பெயரையும் உங்கள் போன் நம்பரையும் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

கேள்வி: சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் வைக்கும் ஸ்மார்ட் மாட்யூல் வாங்கிப் பொருத்தினோம். நியூட்ரல் தேவையில்லாத வகை. விளக்கை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறது, சில சமயம் மின்மினி மாதிரி விட்டு விட்டு மின்னுகிறது. மாமியார் பயப்படுகிறார்.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பயப்பட ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். பல்பிலும் கோளாறு இல்லை, மாட்யூலிலும் இல்லை. நம் வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு பேஸ் வரும், அங்கிருந்து விளக்குக்குப் போகும் ஒயர் இருக்கும், அவ்வளவுதான். நியூட்ரல் நேராக சீலிங்குக்குப் போயிருக்கும். ஆனால் மாட்யூல் வைஃபையில் காதைத் திறந்து வைத்திருக்க அதற்கும் கொஞ்சம் கரண்ட் வேண்டுமே? நியூட்ரல் இல்லாத வகை அந்தக் கரண்டைப் பல்பு வழியாகவே இழுக்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்புக்கு அந்தச் சின்னக் கசிவு உறைக்காது. 9 வாட் எல்இடிக்கு அது போதும். உள்ளே இருக்கும் கண்டென்சர் மெல்ல மெல்ல நிரம்பும், ஒரு மின்னு மின்னும், மறுபடி நிரம்பும்.

சுலபமான வழி, மாட்யூல் கம்பெனியே தரும் பைபாஸ் கண்டென்சரை மேலே பல்பு ஹோல்டரில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே போடுவது. கடையில் கிடைக்கும் ஃபேன் கண்டென்சரைப் போடலாமா என்று கேட்காதீர்கள். வேண்டாம்.

என்னைக் கேட்டால், நியூட்ரல் கொண்டு வந்து, நியூட்ரல் உள்ள மாட்யூலாக மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. சுவரை உடைக்க வேண்டியிருக்கும் என்று பலர் பின்வாங்குகிறார்கள். அதற்கு முன் அந்த போர்டிலேயே 5 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் பின்னால் நியூட்ரல் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் எம்சிபியை இறக்கிவிட்டு, ஒரு துண்டு ஒயரில் அங்கிருந்து மாட்யூலுக்கு எடுத்துவிடுவார். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த பிளக்கும் விளக்கும் ஒரே சர்க்யூட்டில் இருக்க வேண்டும். விளக்கு இன்வெர்ட்டர் லைனில், பிளக் மெயின் லைனில் என்று இருந்தால் கலக்கவே கூடாது. ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் செய்யும் வேலையே, பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்புகிறதா என்று கணக்குப் பார்ப்பதுதான். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்ப்ஸ் வகை. ஒரு விளக்கின் நியூட்ரல் தடம் மாறினாலே அது விழுந்துவிடும், காரணம் தெரியாமல் வீடே முழிக்கும்.

கேள்வி: நள்ளிரவில் கரண்ட் போய் வந்தால் வீட்டு விளக்குகள் எல்லாம் தானாக எரிகின்றன. பேய் வீடு மாதிரி இருக்கிறது!
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஆப்பில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் உள்ளே போனால், கரண்ட் திரும்பி வந்ததும் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். விளக்குக்கு 'கடைசியாக இருந்த நிலை' என்று வையுங்கள். கீசருக்கும் மோட்டாருக்கும் 'ஆஃப்' தவிர வேறெதுவும் வைக்காதீர்கள். பல்பே ஸ்மார்ட் பல்பாக இருந்தால் பல்புக்கும் இதே அமைப்பைத் தேடிப் பாருங்கள். அப்படியே, கரண்ட் போனாலும் வைஃபை நிற்காமலிருக்க, ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கீசருக்குப் போட்டிருந்த 10 ஆம்ப்ஸ் ஸ்மார்ட் பிளக் உருகிவிட்டது. அடுத்து 1 ஹெச்பி தண்ணீர் மோட்டாருக்கும் ஒன்று போடலாம் என்றிருந்தேன். போடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்

பதில்: ஐயா, நல்லவேளை எழுதிக் கேட்டீர்கள். கீசரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 2000 வாட் என்றால், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்ப்ஸ். 10-க்குள் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் தினமும் வெகுநேரம் அந்த அளவில் ஓடினால், சின்ன பிளக்கின் கான்டாக்ட்டும் தளர்ந்த சாக்கெட்டும் சேர்ந்து சூடாகி பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். 3000 வாட் கீசர் என்றால் 13 ஆம்ப்ஸ், பேச்சே இல்லை. 16 ஆம்ப்ஸ் ஸ்மார்ட் பிளக் வாங்குங்கள். அதோடு சுவரில் இருக்கும் சாக்கெட்டையும் மாற்றுங்கள். உருகிய பிளக் இருந்த சாக்கெட்டின் உள் பித்தளை கறுத்திருக்கும். அதிலேயே புதுசைச் செருகினால் புதுசும் உருகும்.

மோட்டார் கதை வேறு. ஓடும்போது சாதுவாக இருக்கும் மோட்டார், கிளம்பும் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த அடியில் ஸ்மார்ட் சுவிட்சுக்குள் இருக்கும் குட்டி ரிலேயின் முனைகள் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆப் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் பாட்டுக்கு ஓடும், மாடியிலிருந்து தண்ணீர் தெருவுக்கு வழியும். பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டும்வரை உங்களுக்குத் தெரியாது.

ஆகவே மோட்டார் கரண்ட் ஸ்மார்ட் சுவிட்ச் வழியாகப் போகவே கூடாது. நடுவில் மோட்டாருக்குத் தகுந்த கான்டாக்டர் (உள்ளே இருக்கும் காயிலுக்குச் சின்னக் கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டைச் சேர்த்துவிடும் சுவிட்ச்) ஒன்று வையுங்கள். 230 வோல்ட் காயில் உள்ளதாகக் கேளுங்கள். ஸ்மார்ட் சுவிட்ச் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கட்டும், பாரத்தைக் கான்டாக்டர் சுமக்கும். தொட்டியில் மிதவை சுவிட்ச் ஒன்றைப் போட்டு, அதையும் காயில் லைனில் தொடராக இணைத்துவிட்டால், வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டி நிரம்பியதும் மோட்டார் நிற்கும். நீங்கள் சொல்வது சாதாரண மோனோபிளாக் மோட்டாராக இருந்தால் இவ்வளவுதான் வேலை. ஆழ்துளைக் கிணற்று சப்மெர்சிபிள் மோட்டார், பச்சை பட்டன் சிவப்பு பட்டன் வைத்த ஸ்டார்ட்டர் பெட்டி என்றால் இப்படிச் செய்யாதீர்கள். அதற்கு ஒரு கணம் அழுத்தி விடும் சிக்னல்தான் வேண்டும். மோட்டார் மெக்கானிக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது.

கேள்வி: மகள் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி நிறைய இசட்-வேவ் சுவிட்சுகள், சென்சார்கள் கொண்டு வந்தாள். இங்கே வாங்கிய ஹப்பில் எதுவும் சேரவில்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: சேராது. இசட்-வேவ் என்பது ஸ்மார்ட் சாதனங்கள் ஹப் என்ற மையப் பெட்டியோடு பேசும் ஒரு ரேடியோ முறை. அதன் அலைவரிசை நாட்டைப் பொறுத்து மாறும். அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865.2. உங்கள் ஹப் ஒரு ஸ்டேஷனில் பாடுகிறது, சுவிட்ச் இன்னொரு ஸ்டேஷனைக் கேட்கிறது. ஹப்பையும் அங்கிருந்தே வரவழைக்கலாமே என்று யோசிக்காதீர்கள், அந்த அலைவரிசை இங்கே வேறு சேவைகளுக்கு உரியது. அதைவிட முக்கியம், அந்த சுவிட்சுகளைச் சுவரில் பொருத்திவிடாதீர்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். பின்பக்கத்தில் 120 என்று மட்டும் அச்சிட்டிருந்தால், நம் 230-ல் வைத்தவுடன் புகை வரும்.

வைஃபை சாதனங்களும், ஜிக்பீ என்ற இன்னொரு ரேடியோ முறையில் பேசும் சாதனங்களும் உலகம் முழுவதும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் அந்தத் தொல்லை கிடையாது. பேட்டரியில் ஓடும் ஜிக்பீ சென்சார் என்றால் வோல்டேஜ் கவலையும் இல்லை. அடுத்த முறை ஆசையாக எதையாவது வாங்கி வருகிறேன் என்று சொன்னால், அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: கதவில் ஒட்டிய ஜிக்பீ சென்சார்கள் அடிக்கடி காணாமல் போகின்றன. பேட்டரி புதுசுதான்.
– வாசகர், ஓசூர்

பதில்: ஹப்பாக நீங்கள் வைத்திருப்பது கம்ப்யூட்டரில் செருகும் ஜிக்பீ ஸ்டிக் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். எந்த ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள்? உள்ளே நீல நிறமாக இருந்தால் அது யுஎஸ்பி 3.0. அந்த ஓட்டையும், அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, ஸ்டிக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். நான் பார்த்த பல வீடுகளில் வைத்தியம் இதோடு முடிந்துவிட்டது.

முடியவில்லை என்றால், வீட்டில் ஜிக்பீ பல்புகள் இருக்கின்றனவா? கரண்டில் ஓடும் ஜிக்பீ சாதனங்கள் பெரும்பாலும் சென்சாரின் சிக்னலை வாங்கி ஹப்புக்குக் கடத்தும். ராத்திரி யாராவது பழக்கதோஷத்தில் சுவர் சுவிட்சில் அந்த பல்பை அணைத்தால், அதை நம்பியிருந்த சென்சார் அநாதையாகிவிடும். பல்புக்குப் பதில், யாரும் கைவைக்காத மூலையில் ஒரு ஜிக்பீ பிளக்கைச் செருகி வைப்பது நல்லது. ரூட்டரில் வைஃபை சேனல் 1 என்றும், ஜிக்பீயில் 25 என்றும் வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளாது. ஜிக்பீ சேனலை மாற்றினால் சில சென்சார்களை மறுபடி சேர்க்க வேண்டி வரும், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ஹப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்லாவற்றையும் 'மேட்டர்' வகைக்கு மாற்றலாமா? அப்கிரேட் செய்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, சென்னை, அம்பத்தூர்

பதில்: முதலில் ஒரு சோதனை. ரூட்டரை ஆஃப் செய்யாமல், அதற்குள் வரும் ஃபைபர் இணைப்பை மட்டும் கொஞ்ச நேரம் துண்டியுங்கள். வைஃபை இருக்கும், இன்டர்நெட் இருக்காது. இப்போது போனின் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். வேலை செய்பவை உங்கள் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்பவை, அவற்றைத் தொடாதீர்கள். வேலை செய்யாதவை எங்கோ இருக்கும் கம்பெனி சர்வரின் தயவில் ஓடுபவை. மாற்றுவதென்றால் அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

இது வெறும் சந்தேகப் புத்தி அல்ல. ரிவால்வ் என்ற ஹப்பை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016-ல் சர்வரை மூடியது, காசு கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் பெட்டியானது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. பிறகு அதைப் பயன்படுத்தியவர்களில் சிலரே அந்த நிறுவனத்தை வாங்கி உயிர்கொடுத்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

மேட்டரின் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. வெவ்வேறு கம்பெனி ஸ்மார்ட் சாதனங்கள் ஒன்றோடொன்று பேச, ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் நான்கும் ஒத்துக்கொண்ட பொது முறை அது. வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே வேலை நடக்கும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். வைஃபையிலும் ஓடும், த்ரெட் என்ற இன்னொரு ரேடியோவிலும் ஓடும். த்ரெட் சாதனம் வாங்கினால் அதைப் பேசவைக்க, த்ரெட்டை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் பார்டர் ரூட்டர் உள்ள ஸ்பீக்கரோ ஹப்போ வேண்டும். இது தெரியாமல் வாங்கிவிட்டு வந்து விழிப்பவர்கள் நிறைய. உங்கள் ஜிக்பீ பொருள்களையும் தூக்கிப்போட வேண்டாம், பிரிட்ஜ் வசதி உள்ள ஹப் இருந்தால் அதன் வழியாக மேட்டருக்குள் வந்துவிடும்.

எதை மாற்றினாலும், கையால் தட்டினாலும் எரிகிற சுவிட்சாக இருக்கட்டும். என் மனைவி மாவுக் கையோடு ஸ்பீக்கரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பதைவிட முழங்கையால் சுவிட்சைத் தட்டுவதையே விரும்புகிறாள். எங்கள் சமையலறையில் இன்னும் பழைய சுவிட்ச்தான்.

கேள்வி: தெருமுனையிலிருந்தே திறக்கும் எங்கள் கேட் ரிமோட், இப்போது கேட்டை ஒட்டி நின்று அழுத்தினால்தான் வேலை செய்கிறது. பேட்டரி மாற்றியாகிவிட்டது.
– வாசகர், காரைக்குடி

பதில்: கேட் மோட்டார் பெட்டிக்குப் பக்கத்தில் சமீபத்தில் புது எல்இடி விளக்கு ஏதாவது போட்டீர்களா? மலிவான எல்இடியின் உள்ளே இருக்கும் டிரைவர், ரிமோட்டின் 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் போடுவது உண்டு. சந்தேகம் தீர அந்த விளக்கை அணைத்துவிட்டு, தெருமுனையில் நின்று அழுத்திப் பாருங்கள். கேட் திறந்தால் வேறு கம்பெனி பல்பு போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் மோட்டார் பெட்டியைத் திறந்து, ஆன்டெனாவாக விட்டிருக்கும் ஒற்றை ஒயரைப் பாருங்கள். எலி அதைத்தான் முதலில் கடிக்கும்.