வடிவமைப்பாளரின் சொந்த இணையதளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆறு ஆண்டுகளாக லோகோக்களும் புத்தக அட்டைகளும் செய்து வருகிறேன். கைவசமுள்ள நாற்பது வேலைகளையும் போர்ட்ஃபோலியோவில் (என் வேலைகளைக் காட்டும் தொகுப்புப் பக்கத்தில்) ஏற்றலாமா?

பதில்: ஏழெட்டு போதும். வாடிக்கையாளர் என்ன கேட்டார், முதல் வரைவு ஏன் கைவிடப்பட்டது, இறுதி வடிவம் எப்படி உருவானது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். உங்களுக்கு வேலை தர நினைப்பவர் அறிய விரும்புவது நீங்கள் சிந்திக்கும் முறையைத்தான். குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்பதையும் தவறாமல் குறிப்பிட வேண்டும்.

கேள்வி: தளத்தின் தமிழ்த் தலைப்புகள் ஒவ்வொரு கைபேசியிலும் வெவ்வேறு எழுத்துருவில் தெரிகின்றன. சில இடங்களில் எழுத்தின் மேற்பகுதி வெட்டுப்படுகிறது.

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனெனில் நல்ல வடிவமைப்பாளர்களின் தளங்களிலும் தமிழ்தான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லாவிட்டால், அந்தந்தக் கருவி தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்பிக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. ஒன்றைத் தேர்ந்து, வோஃப்2 (WOFF2) என்ற இணைய எழுத்துரு வடிவில் தளத்திலேயே இணைத்துவிடுங்கள். வெட்டுப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் வரி உயரம், அதாவது எழுத்தளவைப் போல எத்தனை மடங்கு உயரம் ஒரு வரிக்கு ஒதுக்கப்படுகிறது என்பது: 'கீ'யின் சுழி மேலேயும் 'கூ'வின் வளைவு கீழேயும் இடம் கேட்பவை, ஆகவே ஆங்கிலத் தலைப்புக்குப் பொருந்தும் 1.2 தமிழுக்குப் போதாது, தலைப்புக்கு 1.4, பத்திகளுக்கு 1.7 என்று வைத்துப் பாருங்கள். அச்சுக்காகப் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த உரையை அப்படியே ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்; முதலில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கத்துக்கு மாற்றி, ஒருமுறை மெய்ப்பும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: முகப்புப் பக்கம் திறக்க வெகுநேரம் ஆகிறது. படங்கள் ஒவ்வொன்றும் 5 எம்பி.

பதில்: அச்சுக்குச் செய்த கோப்பை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். பெரும்பாலான திரைகளுக்கு 2000 பிக்சல் அகலமே தாராளம். வெப்பி (WebP) என்ற இணையப் பட வடிவில் சேமித்தால் பல படங்களை 300 கேபிக்குள் கொண்டுவந்துவிடலாம். லோகோக்களுக்கு எஸ்விஜி (SVG) என்ற கோட்டுரு வடிவம் நல்லது, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. திரையில் உருட்டும்போது படங்கள் ஏறும்படி அமைக்கிறவர்கள் முதல் படத்துக்கும் அதையே செய்துவிடுகிறார்கள். அது தளத்தை மேலும் தாமதமாக்கும். பக்கத்தின் முதன்மைப் படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல்.

கேள்வி: ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் செய்த வேலையைக் கடவுச்சொல் போட்டுக் காட்டலாமா?

பதில்: எழுத்துமூலம் அனுமதி பெறாமல் கூடாது. கடவுச்சொல் அனுமதியாகிவிடாது.

கேள்வி: டொமைன் பெயரை (தளத்தின் இணைய முகவரியை) நண்பர் பதிவு செய்து தந்தார். அதனால் சிக்கல் வருமா?

பதில்: வரக்கூடும். புதுப்பித்தல் நினைவூட்டல்கள் அவருடைய மின்னஞ்சலுக்கே போகும், அவர் கவனிக்காவிட்டால் பெயர் காலாவதியாகும். டாட் காம் பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அதுவும் கடந்தால் பெயரை யாரும் வாங்கிக்கொள்ளலாம். இந்த வாரமே உரிமையாளர் பெயரையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றி, தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கிவிடுங்கள். தளத்தின் முழுப் பிரதி ஒன்று உங்கள் வன்தட்டிலும் இருக்கட்டும்.