ஃபெதர் கூட்டினா ஏன் ஓரத்துல வெள்ளையா தெரியுது?

கேள்வி: வெள்ளைச் செவுரு முன்னாடி எடுத்த ஒருத்தரை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ங்கிற வீடியோ சாஃப்ட்வேர்ல பென் டூலால சுத்தி கோடு போட்டு மாஸ்க் பண்ணி (ஆளை மட்டும் வெட்டி எடுத்து) நைட் பேக்ரவுண்ட் மேல வச்சிருக்கேன். கத்திரியால வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. ஃபெதரை (மாஸ்க் ஓரத்த மங்கலாக்குற செட்டிங்) 30 ஆக்கினா உடம்பச் சுத்தி வெள்ளையா படலம் வருது. என்ன பண்ணலாம்?

பதில்: அந்தப் படலம் உங்க பழைய செவுருதாங்க. ஃபெதர் உள்பக்கம் மட்டும்தான் போகும்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, ஆனா அது மாஸ்க் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் பாதிப் பாதியா பிரியும், நீங்க 30 குடுத்தா 15 பிக்ஸல் உள்ள 15 பிக்ஸல் வெளிய, அந்த வெளிப்பக்க 15-லதான் செவுரும் சேர்ந்து மங்கலா வந்துடுது.

லேயரை செலக்ட் பண்ணி எம் கீயை ரெண்டு தடவை வேகமா தட்டுங்க, மாஸ்க் செட்டிங் எல்லாம் திறக்கும். ஃபெதர் 4 வச்சா எக்ஸ்பேன்ஷன் (மாஸ்க் ஓரத்த வெளியவோ உள்ளயோ நகர்த்துறது) -2 வைங்க, அதாவது ஃபெதர்ல பாதி, மைனஸ்ல. மங்கல் முழுக்க ஆள் மேலயே விழும், செவுரு வராது.

4 எங்கிருந்து வந்துச்சுன்னா, ஒரிஜினல் ஃபுட்டேஜை 100% ஜூம்ல வச்சு தோள்பட்டை ஓரத்தப் பாருங்க, சட்டை கலர் எத்தனை பிக்ஸல்ல செவுரோட கலக்குதோ அவ்வளவு மங்கல்தான் உங்களுக்கு வேணும். ஃபோகஸ்ல இருக்கிற ஆளுக்கு பெரும்பாலும் சில பிக்ஸல்தான் வரும், 30 எல்லாம் வானத்த மாத்துறப்போ வேணா சரி.

ஆனா உடம்பு முழுக்க ஒரே ஃபெதர் போட்டா எப்பவுமே போலியாதான் தெரியும், இதுலதான் நேரம் செலவு பண்ணணும். முகம் ஷார்ப்பா இருக்கும், பின்னாடி போற முழங்கை அவுட் ஆஃப் ஃபோகஸா இருக்கும். அதுக்குத்தான் 2012-ல சிஎஸ்6 வெர்ஷன்ல மாஸ்க் ஃபெதர் டூல் குடுத்தாங்க, பென் டூலை புடிச்சு வச்சா அதுக்கு அடியிலயே இருக்கும். மாஸ்க் கோட்டுல முழங்கை கிட்ட கிளிக் பண்ணி உள்பக்கமா இழுங்க, முகத்துக்கிட்ட இன்னொரு பாயிண்ட் வச்சு குறைச்சு விடுங்க.

வீசுற கைக்கு ஃபெதர் போடாதீங்க ப்ளீஸ். மாஸ்க் பாத்ல (மாஸ்க் கோட்டுல) கீஃப்ரேம் வச்சு கையோட சேர்ந்து நகர வச்சிருந்தா லேயரோட மோஷன் ப்ளர் சுவிட்சையும் டைம்லைன் மேல இருக்கிற மோஷன் ப்ளர் பட்டனையும் ஆன் பண்ணுங்க, கை போற திசையில ஓரம் தானா மங்கும். தலைமுடிக்கு மாஸ்க்கே வேணாம், ஆள் மேல தேய்ச்சா தானா பிரிச்சுக் குடுக்கிற ரோட்டோ பிரஷ்ஷும், முடி மாதிரி மெல்லிய ஓரத்தச் சரிபண்ற ரிஃபைன் எட்ஜ் டூலும்தான் சரி.