மருந்துச் சீட்டும் மாத்திரை அட்டையும்

கேள்வி: அம்மாவின் தைராக்ஸின் சீட்டில் 0.05 மி.கி. என்று இருக்கிறது. மாத்திரை அட்டையிலோ 50 மைக்ரோகிராம்! மருந்து மாறிவிட்டதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மாறவில்லை, தாயே. ஒரு மில்லிகிராமை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு மைக்ரோகிராம். 0.05-ஐ ஆயிரத்தால் பெருக்குங்கள்; 50 வரும்.

ஆனால் நீங்கள் பதறியது சரியே. மருந்துக் கடையில் முப்பது ஆண்டுகள் சீட்டு படித்தவன் நான். மைக்ரோவைக் குறிக்கும் 'மியூ' என்ற கிரேக்க எழுத்து, அவசரக் கையெழுத்தில் ஆங்கில 'எம்' போலவே தெரியும். அப்படிப் படித்தால் அளவு ஆயிரம் மடங்கு! அதனால் 'மைக்ரோகிராம்' என்று முழுதாகவே எழுதச் சொல்வேன். புள்ளிக்கு முன்னால் பூஜ்யமும் கட்டாயம் வேண்டும். வெறும் '.5' என்று எழுதிப் புள்ளி மங்கினால், அரை ஐந்தாகிவிடும். அடுத்த முறை சீட்டையும் அட்டையையும் சேர்த்தே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.