கல்லாவில் காசு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை புதிதாகத் தொழில் ஆரம்பித்தவர்களின் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: தொழில் ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. விற்பனை மாதாமாதம் ஏறுகிறது, கணக்கு எழுதுபவரும் லாபம் என்றுதான் சொல்கிறார். ஆனால் மாதக் கடைசியில் வாடகைக்கும் சம்பளத்துக்கும் கைமாற்று வாங்குகிறேன். யாராவது கை வைக்கிறார்களா?

பதில்: இருக்கலாம், ஆனால் சந்தேகத்தை முதலில் வேலையாள் மேல் திருப்பாதீர்கள், கடன் நோட்டைத் திருப்புங்கள். நீங்கள் பில் போட்ட அன்றே கணக்கில் லாபம் ஏறிவிடும், வாங்கியவர் பணம் தருவது எப்போதோ. சரக்கு உங்களிடம் 30 நாள் கிடக்கிறது, விற்ற பிறகு பணம் வர 45 நாள், ஆனால் சரக்கு கொடுத்தவருக்கு நீங்கள் 15 நாளில் கட்டியாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30ம் 45ம் 75, அதில் 15 கழிந்தால் 60. அந்த 60 நாளும் உங்கள் கைப்பணம்தான் அங்கே முடங்கிக் கிடக்கிறது, விற்பனை இரட்டிப்பானால் முடங்குகிற பணமும் இரட்டிப்பு. வியாபாரமே இல்லாமல் தொழில் முடங்குவது எல்லோருக்கும் புரிகிறது, வியாபாரம் கூடியதால் முடங்குவது பலருக்கு நடந்து முடிந்த பிறகுதான் புரிகிறது.

சரி, என்ன செய்யலாம்? பெரிய ஆர்டர் என்றால் முன்பணம் கேளுங்கள். வேலை முடிந்த அன்றே பில் போடுங்கள், மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று வைப்பது உங்கள் செலவில் அவர்களுக்கு இன்னொரு தவணை கொடுப்பது. கெடு தேதிக்கு முன்பே ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், வாங்கியவருக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு?

அப்புறம் இன்னொன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது. வீட்டுச் செலவுக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள்? கல்லாவிலிருந்து அப்பப்போ எடுப்பது பழக்கமாகிவிட்டால் தொழில் உங்களைத் தாங்குகிறதா, நீங்கள் தொழிலைத் தாங்குகிறீர்களா என்பதே தெரியாமல் போகும். உங்களுக்கென்று மாதச் சம்பளம் ஒன்று வைத்து, தொழில் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு ஒரே தடவை மாற்றுங்கள். வாராவாரம் ஒரு தாளில் அடுத்த 12 வாரத்துக்கு எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று உத்தேசமாக எழுதிப் பாருங்கள். எந்த வாரம் பள்ளம் விழும் என்பது ஒரு மாதம் முன்பே தெரிந்துவிட்டால் கைமாற்றுக்கு அலைய வேண்டியதில்லை.

கேள்வி: போட்டிக்காரர் 10 சதவீதம் குறைத்து விற்கிறார். நானும் குறைத்தால் என்ன? 10தானே?

பதில்: அந்த ‘தானே’தான் பிரச்சினை. உங்கள் அடக்கவிலை 70, விற்பது 100 என்றால் ஒன்றுக்கு 30 நிற்கிறது. 10 குறைத்தால் நிற்பது 20. முன்பு 100 விற்று 3000 பார்த்தவர் இப்போது அதே 3000 பார்க்க 150 விற்க வேண்டும். விலையில் 10 சதவீதம் விட்டதற்கு விற்பனையில் 50 சதவீதம் கூட வேண்டும்! அந்தக் கூடுதல் 50ஐ எடுத்துக்கட்டி அனுப்பும் வேலை வேறு. குறைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்படியும் தேறும் என்றால் குறையுங்கள்.

இதிலேயே இன்னொரு வழுக்கல். ‘30 சதவீத லாபம் வைக்கிறேன்’ என்று 70க்கு மேல் 30 சதவீதம் போட்டால் வருவது 91, 100 அல்ல. 91க்கு விற்றால் விற்ற பணத்தில் உங்களுக்கு நிற்பது சுமார் 23 சதவீதம். 30 நிற்கிறது என்று நம்பி வாடகைக்கும் ஆட்களுக்கும் வாக்குக் கொடுத்தவர்கள் எங்கே இடிக்கிறது என்று வருடக்கணக்கில் தேடுவார்கள்.

கேள்வி: என் விற்பனையில் முக்கால் பங்கு ஒரே வாடிக்கையாளர். நல்ல மனிதர். கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய மேலாளர் மாறலாம், அவர் தொழிலே படுக்கலாம். அதுவரை உங்கள் விலையை முடிவு செய்வதும் அவர்தான்.

கேள்வி: பள்ளிக்கால நண்பனோடு சரிபாதி பங்கில் தொழில். அவன் பணம் போட்டான், வேலை எல்லாம் என் தலையில். இப்போது எழுத்தில் ஒப்பந்தம் கேட்டால் நம்பிக்கை இல்லையா என்கிறான்.

பதில்: நம்பிக்கை இருக்கும்போதுதான் எழுத முடியும், போன பிறகு வக்கீல்தான் எழுதுவார். லாபத்தில் பங்கு வேறு, உழைப்புக்குச் சம்பளம் வேறு. பணம் போட்டவருக்கு லாபத்தில் பாதி, வேலை செய்கிறவருக்குச் சம்பளமும் லாபத்தில் பாதியும் என்று பிரித்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும். சரிபாதியில் இருவரும் ஒத்துவராதபோது யார் சொல்வது முடிவு, ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு எப்படி விலை போடுவது, இன்னும் பணம் தேவைப்பட்டால் யார் போடுவது, இவ்வளவும் தாளில் வர வேண்டும். இந்த மூன்றையும் அவர் பேசவே மறுத்தால் ஒப்பந்தம் இல்லாமலே உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: தவறுகளிலிருந்து பாடம் கற்றுக்கொள் என்கிறார்கள். நானும் கற்கிறேன், ஆனால் அதே தவறு வேறு ரூபத்தில் வருகிறது.

பதில்: பாதி வழியில் நின்றுவிடுகிறீர்கள். டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கச் சொல்வார். அவர் காட்டும் உதாரணத்தில் இயந்திரம் நின்றுவிடுகிறது. ஏன்? பளு கூடி ஃபியூஸ் போனது. பளு ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்பு எண்ணெயைச் சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லை, உலோகத் தூள் உள்ளே போயிருக்கிறது. முதல் பதிலோடு நின்றவர் ஃபியூஸ் மாற்றிவிட்டுப் போவார், சில மாதத்தில் மறுபடி நிற்கும்.

உங்கள் இடத்தில் தவறான அளவில் சரக்கு போய்விட்டது என்றால் ‘பையன் கவனிக்கவில்லை’ என்பது ஃபியூஸ் மட்டும்தான். ஆர்டர் போனில் வந்தது, எழுதியவர் ஒருவர், எடுத்துக்கட்டியவர் இன்னொருவர், நடுவில் அளவைச் சரிபார்க்க ஒரு சீட்டுகூட இல்லை என்கிற இடம்வரை போனால்தான் திருத்துவதற்கு ஏதாவது கிடைக்கும். பதில் ஒரு ஆளின் பெயரில் முடிந்தால் இன்னொரு ‘ஏன்’ பாக்கி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்தில் ஒன்பது தொழில் முதல் வருடத்திலேயே மூடிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை வருடாவருடம் எடுக்கும் கணக்கில் முதல் வருடத்தில் மூடுவது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, ஐந்து வருடத்தில் பாதி. மூடியதெல்லாம் நஷ்டத்திலும் அல்ல, நல்ல வேலை கிடைத்துப் போனவரும் அதில் உண்டு. உங்களுக்குப் பயம் என்றால் ஆரம்பிக்கும் முன்பே இவ்வளவு பணம், இத்தனை மாதம், அதற்கு மேல் இல்லை என்று எழுதி வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். ‘இவ்வளவு போட்டாச்சே, இன்னும் கொஞ்சம்’ என்று நீங்கள் ஆரம்பிக்கும்போது அந்தத் தாளை அவர் எடுத்துக் காட்டட்டும்.