சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும்: ஆஸ்திரேலியக் குளிர்கால புஷ்வாக் (காட்டு நடை) கேள்வி-பதில்

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஒரு மணி வாக்கில் ப்ளூ மவுன்டன்ஸ் மலையில் பிளாக்ஹீத் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இறங்கலாம் என்றிருக்கிறோம். 6 கிலோமீட்டர்தானே? (பெண்டில் ஹில்)

வேண்டாம். ஜூன், ஜூலையில் சிட்னிப் பக்கம் ஐந்து மணிக்குச் சூரியன் போய்விடும், அந்தப் பள்ளத்துக்குள் நாலு மணிக்கே மங்கிவிடும். ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் இறங்கின உயரத்தையெல்லாம் கடைசியில் எவன்ஸ் லுக்அவுட் என்ற காட்சிமுனை வரை படியேறித் தீர்க்க வேண்டும், ஓடைக் கல்லெல்லாம் பாசி. மூணு நாலு மணி நேரம் ஆகும், பத்துப் பேர் போனால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்குள் இறங்குங்கள். முடியாவிட்டால் லுக்அவுட்டில் நின்று பார்த்துவிட்டு டீ குடித்துத் திரும்புங்கள். ஹெட் டார்ச் ஆளுக்கு ஒன்று. போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள்.

ஜீன்ஸ், ஹூடி போதுமா?

போதாது. நனைந்த பருத்தி லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவில் ஃபிளீஸ், மேலே மழைக்கோட். பிளாக்ஹீத் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது, கீழே சிட்னியைவிட ஆறேழு டிகிரி குறைவாக இருக்கும்.

குளிரில் பாம்பு வராதே, பாண்டேஜை வீட்டில் வைத்துவிடலாமா?

குறைவாக வரும், அவ்வளவுதான். ஆகஸ்டில் நல்ல வெயில் அடித்தால் வெளியே வந்து காயும். கடித்தால் கழுவாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ முழுக்க இறுக்கிச் சுற்றி, ஆளை நடக்கவிடாமல் படுக்கவைத்து அவசர எண் 000 அழையுங்கள். கணுக்கால் பிசகினாலும் அதே பாண்டேஜ்தான் உதவும், எடுத்துப் போங்கள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 28 பேர். மெதுவாக வருபவர்களால் எல்லோருக்கும் தாமதம். வேகமானவர்கள் முன்னால் போய்க் காத்திருக்கலாமா?

வருஷா வருஷம் குளிர் தொடங்கியதும் இந்தக் கடிதம் வந்துவிடுகிறது, கேட்பவர் எப்போதும் வேகமாக நடப்பவராகத்தான் இருக்கிறார். சரி, என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முன்னால் போனவர்கள் இருபது நிமிஷம் நின்று வேர்வை குளிர்ந்து நடுங்குவார்கள். பின்னால் வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் "வந்தாச்சா, கிளம்பலாம்" என்பார்கள். ஓய்வெல்லாம் தேவையில்லாதவர்களுக்குப் போய்விடும், தேவைப்பட்டவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைக்காது. அடுத்த கிளைப்பாதையில் அவர் தனியாக நிற்பார், எந்தப் பக்கம் போனீர்கள் என்று தெரியாது. இதைவிட மோசம் ஒன்று உண்டு. உடல்சூடு இறங்க ஆரம்பித்தவர் தடுக்கி விழுவார், பேச்சு குழறும், கேட்டால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பக்கத்தில் நடப்பவர்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். பக்கத்தில் ஆளே இல்லாமல் செய்துவிட்டு என்ன குழு?

28 பேரை மூணாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பாதை தெரிந்த ஒருவரை முன்னால் போடுங்கள், அவரை யாரும் தாண்டக் கூடாது. கடைசியில் அனுபவப்பட்ட ஒருவர், முதலுதவிப் பை அவரிடம். ஒவ்வொரு கிளைப்பாதையிலும் தலை எண்ணுங்கள். ஒதுங்கப் போகிறவர் தன் பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போகட்டும், அப்போதுதான் கடைசி ஆள் அவரைத் தாண்டிப் போகமாட்டார். இருப்பதிலேயே மெதுவானவர் வேகம்தான் குழுவின் வேகம். படிக்கட்டுப் பாதை, குழந்தைகள் என்றால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். அப்புறம், பத்து மணி என்று அறிவித்துவிட்டுப் பன்னிரண்டுக்குக் கூடுகிற வழக்கத்தைக் கோடையோடு விட்டுவிடுங்கள், ஐந்துக்கு இருட்டிவிடும்.

என் போனில் எல்லா இடத்திலும் சிக்னல் வரும். பி.எல்.பி. (ஆபத்தில் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் கையடக்கக் கருவி) எதற்கு?

கட்டூம்பா கடைத்தெருவில் வரும். பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டு எழுதுங்கள். பி.எல்.பி.யின் 406 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் செயற்கைக்கோள் வழியாகக் கான்பெராவில் உள்ள மீட்பு மையத்துக்குப் போகும். வாங்கினால் பதிவு செய்யுங்கள், பதிவு இலவசம். பேட்டரி காலாவதித் தேதியையும் பாருங்கள். ப்ளூ மவுன்டன்ஸில் போலீஸும் தேசியப் பூங்காத் துறையும் இலவசமாக இரவலே தருகிறார்கள், அதற்கும் சாக்கு சொன்னால் நான் என்ன செய்ய! எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டும் போங்கள்.

குளிர்காலத்துக்கு ஒரு நல்ல இடம் சொல்லுங்கள்.

ஊர் எழுதவில்லை, எத்தனை பேர் என்று எழுதவில்லை, குழந்தைகள் உண்டா என்றும் எழுதவில்லை. மெல்பர்ன் என்று வைத்துக்கொள்கிறேன்: டான்டினோங் மலையில் ஷெர்புரூக் காடு. வானுயர்ந்த மவுன்டன் ஆஷ் மரங்கள், கீழே மரப் பெரணிகள். லயர்பேர்ட் இந்தப் பருவத்தில்தான் மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் எடுத்துப் பாடித் தள்ளும். காற்று பலமாக அடிக்கிற நாளில் மட்டும் போகாதீர்கள், கிளை முறிந்து விழும்.

பிப்புல்மன் ட்ராக் நெடும் நடைபாதையில் பூட்ஸைத் தேய்க்க பிரஷ் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் நடக்கிறவனும் தேய்க்கணுமா? (பெர்த்)

தேய்க்கணும். பைட்டாப்தோரா என்ற வேரழுகல் நோய்க்கிருமி மண்ணோடு ஒட்டிக்கொண்டு பரவும், ஜாரா, பாங்க்சியா மரங்களின் வேர்களை அழுகவைத்துக் கொல்லும். அங்கே மழை குளிர்காலத்தில்தான், ஈர மண்தான் நன்றாக ஒட்டும். உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை.

ஷெர்புரூக்குக்கு எங்கள் நாயைக் கயிறு கட்டிக் கூட்டிப் போகலாமா?

கயிறு கட்டினாலும் கூடாது, அது தேசியப் பூங்கா. லயர்பேர்ட் தரையை ஒட்டிக் கூடு கட்டுகிற நேரம் வேறு. காரில் பூட்டிவைத்துவிட்டும் போகாதீர்கள்.