காலேஜுக்கு எந்த லேப்டாப்? பாடத்துக்கான சாஃப்ட்வேர் அதில் ஓடுமா?

மகள் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் சேர்ந்திருக்கிறாள். சிங்கப்பூரில் இருக்கும் அவள் மாமா மேக்புக் ஏர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். சரியாக வருமா?

ஆசையாகக் கொடுப்பதை மறுப்பது சங்கடம்தான். ஆனாலும் மெக்கானிக்கலுக்கு மேக்புக் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதல் வருடம் ஒரு குறையும் தெரியாது. பைத்தான், சி எல்லாம் மேக்கில் அருமையாக ஓடும். எஞ்சினியரிங் கிராபிக்ஸ் பெரும்பாலும் டிராஃப்டரும் தாளும்தான். அதற்கு அப்புறம்தான் சிக்கல். இயந்திர பாகங்களை வடிவமைக்கும் சாஃப்ட்வேர்களான சாலிட்வொர்க்ஸ், கிரியோ, கேட்டியா மூன்றுக்குமே மேக் பதிப்பு கிடையாது. ஆட்டோகேட், ஃபியூஷன், மேட்லேப் மூன்றுக்கும் உண்டு. அதைக் காட்டித்தான் கடைக்காரர்கள் ‘எல்லாம் ஓடும்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

இன்டெல் சிப் இருந்த பழைய மேக்கில் பூட்கேம்ப் வழியாக விண்டோஸ் போட்டுக்கொள்ள முடிந்தது. 2020இல் தொடங்கிய எம் வரிசை சிப்களில் அந்த வழி இல்லை. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் என்ற சாஃப்ட்வேரை வாங்கிப் போடலாம் என்பார்கள். அதில் ஓடுவது ஆர்ம் விண்டோஸ், அதாவது இன்டெல், ஏஎம்டி அல்லாத ஆர்ம் வகை சிப்களுக்கான விண்டோஸ். சாலிட்வொர்க்ஸுக்கு அங்கே அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது. புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின இரவு அசெம்பிளி ஃபைல் திறக்காமல் போனால் உதவிக்கு யாரும் வரமாட்டார்கள்.

மாமாவிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். அதே பணத்துக்கு 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் லேப்டாப் பார்க்கலாம். அதற்கு முன்னால், அந்தக் கல்லூரியிலேயே அதே பிரிவில் மூன்றாம் வருடம் படிக்கும் யாரிடமாவது, லேபில் எந்த சாஃப்ட்வேர், எந்தப் பதிப்பு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் வருட சிலபஸைப் பார்த்து லேப்டாப் வாங்கவே கூடாது.

ஈசிஇ படிக்கிறேன். ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் சார்ஜ் நன்றாக நிற்கிறது என்கிறார்கள். விண்டோஸ்தானே, எல்லாம் ஓடும் அல்லவா?

சார்ஜ் விஷயம் உண்மை. ஆனால் இதுவும் ஆர்ம் விண்டோஸ்தான். இன்டெல், ஏஎம்டி சிப்களுக்காக எழுதிய சாஃப்ட்வேரை பிரிசம் என்கிற எமுலேட்டர் இதில் ஓட்டிக் காட்டும். வேர்டு, குரோம், விஎஸ் கோட் போன்றவற்றுக்கு ஆர்ம் பதிப்பே இருப்பதால் கவலையில்லை. வெளியே மாட்டும் கருவிகளை லேப்டாப்போடு பேசவைக்கும் டிரைவர்களுக்கு மட்டும் பிரிசம் உதவாது. அவை ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் படிப்பில் யுஎஸ்பியில் ஒரு போர்டை மாட்டி புரோகிராம் இறக்குவதுதான் பாதி லேப். பழைய கிட்டை மாட்டியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்தால், அதோடு முடிந்தது. எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) வேலைக்கான விவாடோ சாஃப்ட்வேரும் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்குத்தான். நீங்கள் இன்டெல், ஏஎம்டி பக்கமே போங்கள்.

பி.காம். சேரும் மகனுக்கு கேமிங் லேப்டாப் வேண்டுமாம். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேருக்கு அது தேவையா?

தேவையே இல்லை. ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி போதும். விண்டோஸாக மட்டும் இருக்கட்டும். டேலி பழக லைசன்ஸ் வாங்க வேண்டாம். எஜுகேஷனல் மோடு இலவசம். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில்தான் வவுச்சர் போட முடியும். பயிற்சிக்கு அது தடையில்லை.

புது லேப்டாப்பில் எதை இன்ஸ்டால் செய்தாலும் ‘ஸ்டோரில் உள்ளது மட்டும்’ என்று தடுக்கிறது. பழுதா?

பழுதில்லை, அது எஸ் மோடு. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போனால் இலவசமாக வெளியே வரலாம். வந்தபின் திரும்ப எஸ் மோடுக்குப் போக முடியாது. போகவும் தேவைப்படாது.

அண்ணனின் ஏழாம் தலைமுறை ஐ5 லேப்டாப், விண்டோஸ் 10, 8 ஜிபி ராம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தாங்குமா?

தாங்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் சிப்களை ஏற்கும். ஆகவே ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டியாக மாற்றி, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச லினக்ஸைப் போடுங்கள். சி, ஜாவா, பைத்தான், மைஎஸ்க்யூஎல் எல்லாம் நன்றாக ஓடும். விபி டாட்நெட் பாடத்துக்கு மட்டும் விஷுவல் ஸ்டுடியோ வேண்டும். அது விண்டோஸில்தான் உண்டு. அதைக் காலேஜ் லேபில் செய்துகொள்ளலாம். இருப்பதை வைத்து ஓட்டலாம் என்னும்போது, வீட்டில் கடன் வாங்கவிடாதீர்கள்.

எம்.ஏ. தமிழ். நெறியாளர் தரும் ஃபைல்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். புது லேப்டாப்பில் குப்பையாகத் தெரிகின்றன.

லேப்டாப் மேல் தவறில்லை. பாமினியில் தட்டிய ஃபைலுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும். படிக்க மட்டும் என்றால் பாமினியை நிறுவிக்கொள்ளுங்கள். ஆய்வேட்டை, தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடிலேயே எழுதுங்கள், பின்னாளில் தேடவும் மேற்கோள் எடுக்கவும் அதுதான் கைகொடுக்கும். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸ் 11, மேக் இரண்டிலுமே கூடவே வருகின்றன. பழைய ஃபைல்களை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தபின் ஆங்கிலச் சொற்களை ஒருமுறை பாருங்கள். அவையும் தமிழாக மாறிப் பொருளற்றுக் கிடக்கும். துறைக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை அதிலேயே பதித்துக் கொடுங்கள்.