மாம்பூ கறுக்கிறதா? நாலு பாட்டிலையும் கலக்காதீர்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் நாற்பது பெங்களூரா மாமரங்கள், பன்னிரண்டு வயது. மார்கழியில் வந்த பூ, தை பிறந்ததும் கறுத்து உதிர்கிறது. மருந்துக்கடையில் நாலு பாட்டில் கொடுத்து, ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொன்னார்கள். குத்தகைக்காரர் ஒருவர் மூன்று வருடத்துக்குத் தோப்பைக் கேட்கிறார். கல்டார் ஊற்றிப் பூக்க வைப்பாராம். என்ன செய்யலாம்?

பாட்டில்களை முதலில் ஓரமாக வையுங்கள். விடிந்ததும் தோப்புக்குப் போய் ஒரு பூங்கொத்தைத் தட்டிப் பாருங்கள். அரிசியைவிடச் சிறிதாக, தலை அகன்று வால் குறுகிய பூச்சிகள் துள்ளினால் தத்துப்பூச்சி. கறுத்த இலையை ஈர விரலால் தேயுங்கள். மைபோல வழித்துக்கொண்டு வந்தால், பூச்சி விட்ட தேனில் வளர்ந்த கரும்பூசணம் அது. பூச்சி போனால் அதுவும் அடங்கும். காம்பில் திருநீறு தூவியதுபோல வெள்ளை இருந்தால் சாம்பல் நோய்.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம், பத்து லிட்டர் டேங்குக்கு 20 கிராம். தத்துப்பூச்சிக்கு அதே பத்து லிட்டருக்கு வேப்பெண்ணெய் 50 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். இரண்டையும் சேர்க்காதீர்கள், நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள். சேர்ந்தால் பூவே கருகும். பூ முழுக்க விரிந்த மரத்தில் எதையும் அடிக்க வேண்டாம். காய் பிடிப்பது ஈயாலும் தேனீயாலும்தான். நாலு பாட்டில் சமாச்சாரம் எனக்குப் பழகியது: இரண்டில் ஒரே மருந்து வேறு வேறு பெயரில், ஒன்றில் டானிக். பில் கேளுங்கள், கடைக்காரர் முகம் மாறும்.

உதிர்வதைக் கண்டும் பதற வேண்டாம். நூறு பூவில் ஒன்றுகூட அறுவடை வரை நிற்காது. கொத்துக்கு ஒரு காய் நின்றாலே நல்ல விளைச்சல்.

கல்டாருக்கு வருவோம். வளர்ச்சி ஹார்மோனைத் தடுத்து, துளிர்விட வேண்டிய மரத்தைப் பூக்க வைக்கும் மருந்து அது. செப்டம்பரில் வேரில் ஊற்றினால் பூ வர மூன்று நான்கு மாதம் ஆகும். அதைத் தையில் பேசுகிறவருக்கு இந்தப் பூவைப் பற்றிக் கவலையில்லை. மூன்று வருடமும் ஊற்றுவார், அளவும் கூட்டுவார். மரம் அவருடையதா என்ன? மருந்து மண்ணிலேயே தங்கும். கிளை குட்டையாகி, கொத்து நெருங்கிச் சுருங்கிய மரம்தான் கைக்குத் திரும்பும்.

அதற்காகக் கல்டார் விஷம் என்று சொல்லவில்லை. ஒரு வருடம் காய்த்து மறு வருடம் ஏமாற்றுகிற மரம், திடமான மரம், எரு போட்ட மண், மண்ணில் ஈரம், அளந்து ஊற்றுவது நீங்களே: இத்தனையும் இருந்தால் ஊற்றலாம். ஈரம் இல்லையா, வேண்டாம். மரம் வாடியிருக்கிறதா, வேண்டவே வேண்டாம். குத்தகைக்கு விட்டே ஆக வேண்டும் என்றால், வேரில் எதுவும் ஊற்றக்கூடாது என்று பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

இதெல்லாம் அதிகாரிகள் தோப்புக்கு வந்து சொல்ல வேண்டியது. அவர்களோ மானியப் பட்டியலைச் செயலியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பூ அதுவரை காத்திருக்குமா? சந்தேகம் இருந்தால் கறுத்த கொத்து ஒன்றைப் பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். காகிதத்தில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் வேர்த்து அழுகிவிடும். அப்புறம், பிஞ்சு பட்டாணி அளவு வரும் வரை மரத்துக்குத் தண்ணீர் விடாதீர்கள்.